கட்டுக்குள் புட்டி இல்லை

சேசு மரி சூசை துணை

காரைக்கால்
12-11-1978

பாசமுள்ள அக்கா சலோமிக்கு, தம்பி லூர்துநாதன் எழுதுவது.

வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பூவம் தாண்டி, தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், போலீஸ்காரர் சொன்னபடி நான் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது உண்மை. காலில் சுற்றியிருந்த கட்டைக் கடைசிச் சுற்றுவரை அவிழ்த்துக் காட்டியதும் உண்மை. உனக்கு எழுதியவர் யாரோ, அதுவரை சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கட்டுக்குள் பிராந்திப் புட்டி இருந்தது என்பது மட்டும் பொய். உள்ளே என் கால்தான் இருந்தது. புட்டி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

உன் கடிதத்தைப் படித்தேன். இந்த வயசில் உனக்குக் கடத்தல் கேட்கிறதா, அப்பா பேரைக் கெடுத்துவிட்டாயே, உன் அத்தானுக்கு இங்கே நாலு பேர் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாய். கால் கட்டோடு நான் பஸ் படி ஏறுவதற்குள் கண்டக்டருக்கு மூச்சு வாங்குகிறது; என் பேர் மட்டும் கடல் தாண்டிப் பிரான்சில் தூலோன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தானிடம் சொல். அவருடைய மச்சினன் கடத்தல்காரன் இல்லை. அவன் மனநோய் டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தான். இதைக் கேட்டபிறகு அவருக்குக் கடத்தலே தேவலை என்று தோன்றினால் அவர் ஜெயமேரி கட்சி. என் பெண்டாட்டியின் கட்சி என்ன என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

கால் கதை உனக்குத் தெரியும். நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறிய வருஷம் எனக்கு நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்ததே, அன்றிலிருந்து இந்த வலது கால் தன் இஷ்டத்துக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. யானைக்கால் இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று இருப்பதால் அதில் எனக்கு வெட்கம் போய் வெகு நாளாயிற்று. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் என் மேசைக்கு அடியில் அதற்கென்று ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிற அதிகாரிகள் முதலில் அதற்குத்தான் வணக்கம் சொல்வார்கள். காலுக்காக நான் உனக்கு ஒருநாளும் அழுது எழுதினதில்லை.

இது வேறு. போன வருஷப் புயலுக்குப் பிறகு ஆரம்பித்தது. கூரை பறந்துபோன அதிர்ச்சி என்கிறாள் ஜெயமேரி. கூரை திரும்பி வந்துவிட்டது. நான் வரவில்லை. காலையில் கண் விழித்தால் நெஞ்சின்மேல் யாரோ ஈர மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. அதை நகர்த்தி எழுந்திருப்பதற்குள் ஒரு நாள் வேலை முடிந்துவிடுகிறது. வஞ்சிர மீன் குழம்பு வாயில் வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஜெயமேரியிடம் அதைச் சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. மாதா கோயில் திருநாளுக்கு இந்த வருஷமும் கோமாளி வேஷம் நானேதான் எழுதி நானேதான் கட்டினேன். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன், மீசைக்குப் போட்ட மை கரைந்து கழுத்துவரை ஓடியது. எட்டிப் பார்த்தவர்கள் அதுவும் வேஷத்தில் சேர்த்தி என்று கைதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். படகுகள் கரை வந்து ஏலம் போய்க்கொண்டிருந்தது. நான் ஏலத்தைத் தாண்டி நடந்து தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்பு நனைகிறவரை இறங்கினேன். ஏன் என்று கேட்காதே. கையில் மீன் பை இருந்தது, அதை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கரையில் இருந்து சத்தம் போட்டு, "அப்படித்தாங்க, நல்லா நில்லுங்க, உப்புத்தண்ணி காலுக்கு ரொம்ப நல்லது" என்றாள். பார் அக்கா, எனக்கு இப்படி ஒரு கால் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நான் கடலுக்குள் இறங்கினால்கூட அது வைத்தியம். நான் திரும்பி வந்து சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இனிமேல் வாசலுக்கு வருகிற கூடை மீனே போதும் என்றேன். விலை கூட என்றாள் ஜெயமேரி. இருக்கட்டும் என்றேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் சோமசேகரனிடம் வாயைத் திறந்தேன். என் காலை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர் அவர்தான். கால் எப்படி இருக்கு என்றார். "காலு நல்லா இருக்குங்க டாக்டர். நான்தான் இல்ல" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டெதாஸ்கோப்பு கீழே விழுந்தது. கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "லூர்துநாதன் என்ன சொல்றாரு கேளுய்யா" என்று என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். என் புத்தி அப்படி. தூக்கம் வரவில்லை என்றேன். கால் வலியால் என்றார். பசி இல்லை என்றேன். கால் மாத்திரையின் சூடு என்றார். காரணமில்லாமல் அழுகை வருகிறது டாக்டர் என்றேன். "இவ்வளவு பெரிய காலை வச்சுக்கிட்டு நீங்க சிரிக்கிறதே பெருசு. எனக்கு வந்திருந்தா ஊரையே கூட்டி அழுதிருப்பேன்" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலோடு வைத்தியம் முடிந்தது.

எனக்குப் புரியவில்லை அக்கா, ஒரு மனுஷனுக்கு ஒரு வியாதிதான் அனுமதியா? என் உடம்பில் குடும்பத் தலைவர் என்று காலின் பேரைப் போட்டு ரேஷன் கார்டு கொடுத்துவிட்டார்களா? தலை, நெஞ்சு, தூக்கம், அழுகை எல்லாம் அதன் பேரைச் சொல்லித்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? காய்ச்சல் வந்தால் கால். இருமல் வந்தால் கால். போன மாசம் பல் வலி என்று போனேன், பல் டாக்டரே முதலில் குனிந்துதான் பார்த்தார். இந்தக் கால் குணமாகாது என்று எல்லா டாக்டரும் என்னிடம் சொல்லியாகிவிட்டது. கால் குணமானால் மனசு குணமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெயமேரி வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனாள். நேர்த்திக்கடன் செலுத்துகிற வெள்ளித் தகட்டுக் கடையில் கால், கை, கண், வயிறு, இதயம், தொட்டில், வீடு, படகு எல்லாம் அடுக்கியிருந்தார்கள். மனசுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரப் பெண் பாவம், பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். "தலை இருக்குங்க, அது தலைவலிக்கு வாங்குவாங்க. நெஞ்சு இருக்கு, அது மாரடைப்புக்கு" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்குக் காலுதாங்க, இந்தாங்க" என்று கையில் வைத்தாள். வாங்கிச் செலுத்திவிட்டு வந்தேன். இதுவரை நான் கொடுத்த கால்களை வரிசையாகப் பொருத்தினால் மாதா சந்நிதியில் ஒரு மரவட்டை நடந்து போகும்.

இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு மாசத்துக்கு ஒருநாள் வெளியூரில் இருந்து மனநோய் டாக்டர் வருகிறார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், அத்தானுக்கு எங்கே பார்த்தாலும் உறவு. நான் லீவு போட்டுவிட்டு, கிராப்பை அழுத்திச் சீவிக்கொண்டு, அந்த டாக்டர் அறை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சீட்டுக் கொடுக்கிறவர் வந்து, "பெரியவரே, கால் வரிசை அந்தப் பக்கம்ங்க" என்றார். தெரியும், நான் இங்கேதான் வந்தேன் என்றேன். அவர் போய் ஒரு நர்ஸைக் கூட்டிவந்தார். நல்ல பெண். அம்பகரத்தூர்ப் பக்கமாம். என் கையை அன்பாகப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். "எனக்கு மனசு சரியில்லைம்மா" என்றேன். "காலு இப்படி இருந்தா மனசு எப்படிங்கய்யா சரியா இருக்கும், வாங்க" என்று கால் வரிசையில் எனக்கு முதல் இடம் பிடித்துக் கொடுத்தாள். அதட்டியிருந்தால் நானும் அதட்டியிருப்பேன். அன்பாக இருக்கிறவர்களை என்ன செய்வது?

அவள் நகர்ந்ததும் மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை. தம்பியைக் கூட்டி வந்திருந்தாள், அவன் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். "அண்ணே, இது பைத்தியத்துக்குப் பாக்குற எடம். நீங்க நல்லாத்தானே பேசுறீங்க, எதுக்கு எங்க எடத்துல உக்காந்துகிட்டு" என்றாள். அவளுக்கு விளக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். நான் பேசப் பேச அவள் சிரிக்கிறாள், அவள் தம்பி சிரிக்கிறான், சுவர் ஒன்றுதான் சிரிக்கவில்லை. அதற்குள் டாக்டர் கார் ஏறிவிட்டார். கால் வரிசையில் என் பேரைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் டப்பா நிறைய இருக்கிற அதே மாத்திரை.

நம் பழைய தெரு சிதம்பரநாதன் மகனை உனக்கு நினைவிருக்கும். இரண்டு காலும் நேரான பையன். ஒருநாள் திடீரென்று போகிற வருகிறவர்கள்மேல் கல் எறிய ஆரம்பித்தான். அன்றைக்கே வாடகைக் கார் வைத்து, கூட நாலு பேர் ஏறிக்கொண்டு, மதராஸ் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்து, இப்போது மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறான். நன்றாக இருக்கட்டும். அவன் கல் எறிந்தான், கவனித்தார்கள். நான் ஜோக்குச் சொன்னேன். என்மேல்தான் தப்பு.

அதனால்தான் புதுச்சேரிக்குக் கிளம்பினேன். ஆபீஸ் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன். நீ போனபிறகு தமிழ்நாட்டில் மறுபடியும் மதுவிலக்கு வந்துவிட்டது, நமக்கு இல்லை. ஆகவே காரைக்காலில் இருந்து எல்லை தாண்டுகிற எந்த பஸ்ஸும் அவர்களுக்குச் சாராயப் பீப்பாய். வயிற்றில் கட்டுகிறார்கள், தலையணைக்குள் தைக்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வருகிறார்கள். போலீஸையும் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் நானும் ஆபீசில் பேசிக்கொண்டிருப்பேன், என் வேட்டியைத் தூக்கச் சொல்கிறவரை. "என்னய்யா அது, தூண் மாதிரி கட்டியிருக்க, எறங்கு" என்றார். யானைக்கால் ஐயா என்றேன். "வர்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான். அவுரு" என்றார். அவிழ்த்தேன். கட்டு அவிழ்ந்து முடிவதாக இல்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். ஜன்னல் எல்லாம் தலை. நான் நின்றபடியே, "ஐயா, இதுல புட்டி இருந்தா எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி" என்று சொல்லித் தொலைத்தேன். பஸ் முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். ஏறிக்கொள் என்று தானே கை கொடுத்து ஏற்றிவிட்டார். சீட்டில் உட்கார்ந்து கட்டைச் சுற்றுவதும் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக, சீர்காழி வருகிறவரை சுற்றி முடியவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உனக்கு அதையும் எழுதியிருப்பார்கள்.

புதுச்சேரி டாக்டர் கிளம்புகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். சின்ன வயசு. இருந்தும் உட்காரச் சொன்னார். அவரும் முதலில் காலைத்தான் பார்த்தார். வரிசையாகக் கேள்விகள் கேட்டார், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, இவ்வளவு நாள்பட்ட வியாதி இருக்கிறவருக்கு இந்த அளவு சோர்வு இயற்கை, இதற்கு மனநோய் மருந்து இப்போதைக்கு வேண்டாம், சத்து மாத்திரை எழுதித் தருகிறேன், மறுபடி வருவதாக இருந்தால் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

இயற்கையாம். போன வருஷப் புயலும் இயற்கைதான். அதற்கு அதிகாரிகள் ஜீப் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள், கூரைக்கு ஓலை கொடுத்தார்கள். இயற்கை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. அக்கா, காலில் புண் வந்தால் இது யானைக்காலுக்கு இயற்கை என்று அழுக விடுவார்களா? கழுவி மருந்து வைக்கிறார்கள் இல்லையா? பிறகு மேலே இருக்கிறதை மட்டும் ஏன் அழுக விடுகிறார்கள்? திரும்பி வருகிற வழி முழுக்க இந்தக் கேள்வியைப் பக்கத்து சீட்டு மனுஷரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் சிதம்பரத்தில் இறங்கவேண்டியவர், கடலூரிலேயே இறங்கிவிட்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. லூர்துநாதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள், கட்டுக்குள் பிராந்தி என்று தெருவே பேசுகிறது. நான் ஜெயமேரியை உள்ளே கூப்பிட்டு நிஜத்தைச் சொன்னேன். எங்கே போனேன், ஏன் போனேன், கடல்வரை எல்லாம். அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "பிராந்தின்னே இருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்ன காரணத்தையும் எழுதிவிடுகிறேன், நீ அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது. நம் பெண் பிலோமினாவுக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருக்கிறது, நாகப்பட்டினத்துச் சம்பந்தம். "காலுன்னா கொசு கடிச்சு வந்துச்சுன்னு சொல்லிடலாம். மூளைன்னா ரத்தத்துலயே ஓடுதுன்னுவாங்க. அப்பன் குடிகாரன், கடத்துறவன்னா பொண்ண எடுப்பாங்க. அப்பனுக்கு மூளை சரியில்லன்னா வாசப்படி மிதிக்கமாட்டாங்க" என்றாள். இதைச் சொல்லிவிட்டு வெந்நீர் போட்டு எடுத்துவந்து, வழக்கம்போல என் காலை மடியில் வைத்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துக் கட்டுப் போட்டாள். அவள்மேல் கோபப்பட எனக்கு இடமே கிடைக்கவில்லை.

அவள் கணக்கும் தப்பவில்லை. சம்பந்தி வந்தார். "இதெல்லாம் ஆம்பளைக்கு சகஜந்தாங்க" என்று தானே ஆறுதல் சொன்னார். காபி குடித்து முடித்ததும் என்னைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "கல்யாணத்துக்கு எங்க பக்கத்துப் பெரியவங்க நாலு பேருக்கு உங்க ஊருச் சரக்கு கொஞ்சம் கெடைக்குமாங்க, கொண்டுவர்ற வழிதான் உங்களுக்குத் தெரியுமே" என்றார். சாவடிக்காரர் எனக்கு இப்போது பழக்கம், காலிலேயே கட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். மனுஷர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுப் போனார். ஊரில் என் மதிப்பு கூடியிருக்கிறது அக்கா. ஆபீசில் பியூன் சோமு எனக்கு எழுந்து நாற்காலி போடுகிறான். மனசு சரியில்லை என்று ஒரு வருஷமாகச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. புட்டி கொண்டுபோனேன் என்று நான் சொல்லவே இல்லை, எல்லாரும் நம்புகிறார்கள்.

ஆனால் ஈர மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜெயமேரி என்னோடு புதுச்சேரிக்கு வரமாட்டாள், இனி என்னையும் அனுப்பமாட்டாள். எனக்கு இங்கே வீட்டு ஆள் என்று கூட்டிப்போக வேறு யாரும் இல்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். கல்யாணத்துக்கு என்று வராதே, அதற்கு முன்னாலேயே வா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிந்தால் இன்னும் நல்லது. சென்ட்டு வேண்டாம், சாக்லேட் வேண்டாம், அத்தானின் பழைய கோட்டு நிச்சயமாக வேண்டாம். பென்ஷன் காகிதத்துக்காகப் புதுச்சேரியில் கான்சுலேட்டுக்குப் போகவேண்டும், துணைக்குத் தம்பி வரட்டும் என்று நீ சொன்னால் ஜெயமேரி இட்டலி கட்டிக் கொடுத்து அனுப்புவாள். சாவடியில் நீ பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசினால் வேட்டியையும் தூக்க வேண்டியிருக்காது.

டாக்டர் அறையில் என் பக்கத்தில் உட்கார். வேறு ஒன்றும் செய்யவேண்டாம். சின்ன வயசில் இருந்து நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் நீ சிரித்ததில்லை, அது எனக்கு எவ்வளவு பெரிய குறையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. இப்போது உலகத்தில் எனக்கு வேண்டியது அந்த முகம் ஒன்றுதான்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. குளிர் நாட்களில் உனக்கு மூட்டு வலி வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். உன் பிரயாணத்தைச் சர்வேசுரன் சுருக்கித் தரட்டும். தேதி தெரிந்ததும் தந்தி அடி, நீட்டி எழுத வேண்டாம், வருகிறேன் என்ற ஒரு வார்த்தை போதும்.

உன் தம்பி
லூர்துநாதன்

பி.கு. புதுச்சேரி டாக்டர் கேட்ட கேள்விகளில், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதும் ஒன்று. எழுதுவதை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்தும் இருந்தார். இல்லைங்க டாக்டர் என்று சொன்னேன்.